முதலில் புத்தகம், பிறகு மைக்

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை மாநகராட்சி சொந்தமாக ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. வீட்டில் ரேடியோ பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அதனால் மாநகராட்சியே பொது இடங்களில் ஒலிபெருக்கிகளைக் கட்டிவிட்டது. மெரினா, உயர் நீதிமன்றக் கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க் ஆகியவற்றோடு ராயபுரம் பக்கத்து ராபின்சன் பூங்காவும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிற்காலத்தில், 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த அதே பூங்காதான். காசில்லாதவனும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தால் வானொலி கேட்கலாம்.

அதற்கும் ஆறு ஆண்டுகள் முன்னால், 1924-இல், சி.வி. கிருஷ்ணசாமி செட்டி நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாகாண ரேடியோ கிளப்பை நிறுவியிருந்தார். நாற்பது வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ஒலிபரப்பினார்கள். பணம் போதாமல் 1927-இல் நிறுத்தினார்கள். கருவி மாநகராட்சிக்குப் போனது. 1938-இல் அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. அதன் பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வானொலி என்றாலே அரசாங்கம். இந்த நாட்டில் வானொலியைப் பெற்றெடுத்தவர்கள் ஆர்வலர்கள் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

இணையம் வந்ததும் ஆர்வலர்கள் திரும்பி வந்தார்கள். 1993-இல் அமெரிக்காவில் கார்ல் மாலமுட் ‘இன்டர்நெட் டாக் ரேடியோ’ என்ற பெயரில் ஒரு பேச்சு நிகழ்ச்சியை ஆரம்பித்தார். வாரம் ஒரு கணினி வல்லுநரைப் பேட்டி எடுப்பார். ஒலிக்கோப்பை இணையத்தில் வைப்பார். வேண்டியவர்கள் இறக்கிக் கேட்பார்கள். அரை மணி நேர நிகழ்ச்சி ஏறத்தாழ 15 மெகாபைட். அன்றைய தொலைபேசி இணைப்பில் அதை இறக்கக் கேட்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் ஆனது. இன்றும் ஒரு மணி நேரப் பேச்சை 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) எம்பி3-ஆக மாற்றினால் 29 மெகாபைட் வருகிறது. கோப்பின் கனம் அப்படியேதான் இருக்கிறது. அதை எண்ணூரில் லாரிக்குள் உட்கார்ந்திருப்பவரின் போன் சில நொடிகளில் இறக்கிவிடுகிறது என்பதுதான் மாற்றம்.

இப்படி வந்த நிகழ்ச்சிகளில் ஒரு வகை, உலகெங்கும் ஓசையில்லாமல் வளர்ந்தது: எழுத்தாளரை அழைத்து அவருடைய புத்தகத்தைப் பற்றி உரையாடுவது. 2006-இல் தொடங்கிய ‘பிளாக்டாக்ரேடியோ’ போன்ற சேவைகள் இதற்கு வழி திறந்தன. தொகுப்பாளரும் விருந்தினரும் ஒரு தொலைபேசி எண்ணுக்குப் பேசினால் போதும், அது நேரலையாக இணையத்தில் போகும். ஸ்டுடியோ வேண்டாம், உரிமம் வேண்டாம், விளம்பரதாரர் வேண்டாம். பெரிய பத்திரிகைகள் மதிப்புரை போடாத ஆயிரக்கணக்கான எழுத்தாளர்கள் அங்கே பேசினார்கள்.

தடைகள் இவ்வளவு குறைந்தபோது ஒரு சங்கடமும் கூடவே வந்தது. யார் வேண்டுமானாலும் பேட்டி எடுக்கலாம் என்று ஆனதும், புத்தகத்தைப் படிக்காமல் எடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது.

தமிழில் எழுத்தாளர் பேட்டிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கேள்விகள் மனப்பாடம். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.” “எழுத்துக்கு எப்படி வந்தீர்கள்?” “இந்த நாவலை எழுதத் தூண்டியது எது?” “வளரும் எழுத்தாளர்களுக்கு நீங்கள் சொல்ல விரும்புவது?” நான்கையும் அட்டைப்படத்தைப் பார்த்தே கேட்டுவிடலாம். எழுத்தாளரும் இவற்றுக்குப் பலமுறை பதில் சொல்லி அலுத்தவர். நாக்கில் தயாராக இருப்பதை எடுத்து வைப்பார். நாற்பது நிமிடம் ஓடிவிடும். புத்தகத்துக்குள் ஒருவரும் காலெடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான பள்ளி ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் கே.சி.ஆர்.டபிள்யூ. வானொலியில் மைக்கேல் சில்வர்பிளாட் 1989 முதல் 2022 வரை ‘புக்வார்ம்’ என்ற அரை மணி நேர நிகழ்ச்சியை நடத்தினார். அழைத்த எழுத்தாளரின் புதிய நூலோடு நிற்காமல், அவர் அதற்கு முன் எழுதியவற்றையும் வாசித்துவிட்டு வந்து உட்காருவார். அவருடைய கேள்விகள் நீளமானவை, சில சமயம் விடையைவிடவும் நீளம். ஆனாலும் எழுத்தாளர்கள் அந்த அறைக்கு ஆசையோடு போனார்கள், தாங்களே கவனிக்காத ஒன்றை அவர் காட்டுவார் என்பதால். சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் 1952 முதல் 45 ஆண்டுகள் பேசிய ஸ்டட்ஸ் டெர்கெல், பக்கமெல்லாம் கோடு போட்டுக் கிறுக்கிய புத்தகத்தோடுதான் மைக் முன் அமர்வார். தம்முடைய புத்தகத்தை அந்தக் கோலத்தில் பார்க்கும் எழுத்தாளருக்கு வேறு உபசாரம் எதற்கு?

இது வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தமிழ் வானொலியின் அடித்தளத்திலேயே வாசகர்கள் இருந்தார்கள். இலங்கை வானொலியிலும் பிறகு லண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரத்தை எடுத்துக்கொள்ளலாம். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கியது. அதற்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர் அவர். 1954-இல் ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலை எழுதினார். பிற்காலத்தில் ‘சிட்டி’ பெ.கோ. சுந்தரராஜனோடு சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றையும், சிறுகதை வரலாற்றையும் எழுதினார். சிட்டியும் அகில இந்திய வானொலிக்காரர்தான். தி. ஜானகிராமன் அங்கே கல்வி ஒலிபரப்பைக் கவனித்துக்கொண்டார். அகிலனும் சென்னை வானொலியில் வேலை பார்த்தவர். மைக்குக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் இந்தப் பக்கம் இருந்தவரும் ஒரே புத்தகங்களைப் படித்திருந்த காலம் அது.

பேட்டி என்ற வடிவத்தை அச்சில் தூக்கி நிறுத்தியவர் கோமல் சுவாமிநாதன். 1991 முதல் 1995-இல் அவர் மறையும்வரை நடத்திய ‘சுபமங்களா’வில் இதழுக்கு இதழ் நீண்ட நேர்காணல்கள் வந்தன. எழுத்தாளரின் உலகத்தை அறிந்தவர்கள் போய்க் கேட்ட கேள்விகள் அவை. இன்றைக்கும் எடுத்துப் படிக்கத்தக்கவை. ஆனால் அந்தக் குரல்கள் நம்மிடம் இல்லை. எழுத்து மட்டுமே இருக்கிறது. ஒருவர் எந்தக் கேள்விக்குத் தயங்கினார், எங்கே சிரித்தார் என்பதெல்லாம் டேப்போடு போயிற்று.

தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்தபோது இந்தக் குறை தீரும் என்று சிலர் நம்பினார்கள். தீரவில்லை. காலையிலிருந்து இரவு வரை சினிமாப் பாட்டு. விதிவிலக்காக 2000-களின் கடைசியில் கிழக்கு பதிப்பகம், சென்னையில் ஒலித்த ஆஹா எஃப்.எம். 91.9-இல் ‘கிழக்கு பாட்காஸ்ட்’ என்ற ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை நடத்தியது. தங்கள் நூல்களின் ஆசிரியர்களையே அழைத்து, நூலின் பொருளைப் பற்றிப் பேசவைத்தார்கள். ஒலிபரப்பியதை இணையத்திலும் ஏற்றினார்கள். பதிப்பகமே நடத்தும் நிகழ்ச்சியில் “இந்த அத்தியாயம் சரியாக வரவில்லையே” என்று எழுத்தாளரிடம் கேட்க முடியாது என்பது உண்மைதான். இருந்தாலும் பாட்காஸ்ட் என்ற சொல் தமிழில் பரவலாகப் புழங்காத நாளில் அது துணிச்சலான முயற்சி.

கடல் தாண்டிய தமிழர்கள் இந்த வேலையை விடாமல் செய்துவருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ், அங்கே வரும் எழுத்தாளர்களையும் இங்கே இருப்பவர்களையும் நிதானமாகப் பேட்டி காண்கிறது. பேட்டிகள் இணையத்தில் கிடைக்கின்றன. சென்னையில் ஸ்ருதி டிவி இலக்கியக் கூட்டங்களைப் பதிவுசெய்து யூடியூபில் குவித்துவைத்திருக்கிறது. தீபிகா அருணின் ‘கதை ஓசை’ நாவல்களையே ஒலியாக்கிக் கொடுக்கிறது. பக்கத்து வீட்டுத் தெலுங்கில் ‘ஹர்ஷணீயம்’ என்ற பாட்காஸ்ட் எழுத்தாளர்களையும் மொழிபெயர்ப்பாளர்களையும் தேடிப்பிடித்துப் பேசவைக்கிறது. ஆங்கிலத்தில் அமித் வர்மாவின் ‘தி சீன் அண்ட் தி அன்சீன்’ ஒரே ஆளோடு பல மணி நேரம் போகும். அவ்வளவு நேரம் யார் கேட்பார்கள் என்று தொடங்கும்போது பலரும் நினைத்திருப்பார்கள். கேட்கிறார்கள்.

2021-இல் ஊரடங்கின் நடுவே கிளப்ஹவுஸ் என்ற குரல் உரையாடல் செயலி ஆண்ட்ராய்டு போன்களுக்கு வந்தது. சில மாதங்களுக்குத் தமிழ் இலக்கிய உலகமே அதற்குள் குடியேறியது. நள்ளிரவு தாண்டியும் நாவல்களைப் பற்றிச் சண்டை போட்டார்கள். எழுத்தாளரிடம் நேரடியாகக் கேள்வி கேட்க வாசகருக்கு இவ்வளவு எளிய வழி அதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் பேசியதைச் சேமித்துவைக்கும் வசதி அந்தச் செயலியில் ஆண்டுக் கடைசியில்தான் வந்தது. அந்தக் கோடைகாலத்துப் பேச்சில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று.

இந்தப் பின்னணியில் வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்ற நீண்ட கடலோரப் பட்டையை யோசித்துப் பார்க்கலாம். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட நிலையம் ராயபுரத்தில் இருக்கிறது. அசோக் லேலண்டும் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும் வளர்ந்த மண் இது. 1918-இல் இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு எழுந்தது. இவ்வளவு நடந்த இடத்திலிருந்து எழுத்தாளர்கள் வராமல் இருப்பார்களா? ‘கறுப்பர் நகரம்’ எழுதிய கரன் கார்க்கி, ‘நான்காம் சுவர்’ எழுதிய பாக்கியம் சங்கர், ‘வடசென்னைக்காரி’ எழுதிய ஷாலின் மரியா லாரன்ஸ் என்று பெயர்கள் உண்டு. கடலை எழுதி 2013-இல் ‘கொற்கை’ நாவலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸ், உவரியில் பிறந்து சென்னையில் கப்பல் தொழிலில் இருந்தபடி எழுதியவர்.

இவர்களில் வடசென்னைக்காரர்களிடம் ஊடகங்கள் வழக்கமாக என்ன கேட்கின்றன? ரவுடிகளைப் பற்றி. கானாவைப் பற்றி. 2018-இல் ‘வடசென்னை’ படமும் 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’யும் வந்த பிறகு, குத்துச்சண்டையும் சேர்ந்துகொண்டது. அவையும் வாழ்க்கைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தஞ்சாவூர் எழுத்தாளரிடம் மொழிநடையைக் கேட்டுவிட்டு, தண்டையார்பேட்டை எழுத்தாளரிடம் கத்திக்குத்தைக் கேட்பது நியாயமல்ல. அவரும் ஒரு வாக்கியத்தை எட்டுத் தடவை அடித்து எழுதியவர்தான். உரையாடலில் வரும் சென்னைத் தமிழை எப்படி எழுத்தில் கொண்டுவந்தார், எந்த இடத்தில் அகராதித் தமிழுக்கு மாறினார், ஏன் மாறினார், கதையை யார் பார்வையில் வைப்பது என்று எப்போது முடிவெடுத்தார் என்றெல்லாம் கேட்க வேண்டும். கேட்பவர் அந்தத் தெருக்களில் நடந்தவராக இருந்தால் இந்தக் கேள்விகள் தாமாக வரும். எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்த்தவரிடம் அதன் நாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. நேராகப் புத்தகத்துக்குப் போய்விடலாம். அந்த ஊரிலிருந்தே ஒரு நிகழ்ச்சி எழ வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

பேச்சு மொழி என்று வரும்போது ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு வானொலி மேடைத் தமிழ் பேசியது. எஃப்.எம். தொகுப்பாளர்கள் பாதி ஆங்கிலத்தில் துள்ளுகிறார்கள். வடசென்னைத் தமிழ் வானொலியில் ஒலித்ததெல்லாம் பெரும்பாலும் நகைச்சுவைக்காகத்தான். அந்தத் தமிழிலேயே, நக்கல் தொனி இல்லாமல், ஒரு நாவலின் கட்டமைப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் காதுக்குப் புதிதாக இருக்கும். விளிப்பிலும் கவனம் வேண்டும். வாக்கியத்துக்கு ஒரு “சார்” போட்டால் பேட்டி விண்ணப்பமாகிவிடும். “தோழர்”, “அண்ணே”, “அக்கா” என்று அந்தப் பகுதியில் புழங்கும் விளிகள், மரியாதையைக் குறைக்காமலே இடைவெளியைக் குறைக்கின்றன. மூத்த எழுத்தாளருக்கு “ஐயா” என்று ஆரம்பித்தால் முடிவு வரை அதுவே இருக்கட்டும். நடுவில் மாற்றினால் கேட்பவருக்கு உறுத்தும்.

சரி, நிகழ்ச்சியை எப்படி நடத்துவது? இரண்டு வழிகள். ஒன்று நேரலை. ஐஸ்காஸ்ட் போன்ற இலவச மென்பொருளை ஒரு சர்வரில் ஏற்றி ஒலியை ஓடவிடலாம். இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டருக்குக் கேட்பவர் பத்துப் பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும் ஒரே செலவுதான். இணைய ரேடியோவில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒலியை அனுப்பியாக வேண்டும். 64 கேபிபிஎஸ் அளவில் நூறு பேர் கேட்டால் நொடிக்கு 6.4 மெகாபிட். ஆயிரம் பேர் என்றால் 64. நிகழ்ச்சிக்குப் புகழ் வந்தால் பில்லும் வரும். யூடியூப் போன்ற பெரிய மேடைகளில் நேரலை போட்டால் அந்தச் செலவை அவர்கள் ஏற்பார்கள், பிடி அவர்கள் கையில் இருக்கும். நேரலையை இணையத்தில் கேட்பவர் சில நொடிகளிலிருந்து அரை நிமிடம் வரை பின்தங்கியே கேட்கிறார். அதனால் நேயர் போனில் பேசும்போது, பக்கத்தில் ஓடும் நிகழ்ச்சியின் ஒலியை நிறுத்தச் சொல்வதுதான் தொகுப்பாளரின் முதல் வேலை.

இன்னொன்று, பதிவுசெய்து தொகுத்து வெளியிடுவது. புத்தகப் பேச்சுக்கு இதுவே பொருத்தம். எழுத்தாளர்கள் யோசித்துப் பேசுபவர்கள். பாதியில் நிறுத்தி “இதை வேறு மாதிரி சொல்கிறேன்” என்பார்கள். அந்தச் சுதந்திரத்தை நேரலை கொடுக்காது.

பதிவு என்று வந்தால் வடசென்னைக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாகப் போகும் சாலைகள் அங்கே. ஏர் ஹாரன் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். இங்கே விலையுயர்ந்த கண்டென்சர் மைக் வாங்குவது வீண். அது தெருமுனைப் பேச்சைக்கூட எடுத்துக்கொடுத்துவிடும். வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பேசும் டைனமிக் மைக் போதும். மேடைப் பாடகர்கள் கையில் வைத்திருக்கும் வகைதான். சுற்றுப்புறச் சத்தத்தை அது குறைவாகவே எடுக்கும். சிமென்ட் சுவர் அறையில் குரல் எதிரொலிக்கும். துணி அலமாரி, மெத்தை, கனமான திரை இருக்கும் அறையில் எதிரொலி அடங்கும். மின்விசிறியை அணைத்தாக வேண்டும். சென்னை மே மாதத்தில் இது சாதாரணத் தியாகமல்ல. இருபது நிமிடத்துக்கு ஒரு இடைவேளை விட்டால் விருந்தினர் மன்னிப்பார்.

விருந்தினர் வெளியூரில் இருந்தால், வாட்ஸ்ஆப் அழைப்பைப் பதிவுசெய்து போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இணைப்பு தடுமாறும் இடமெல்லாம் குரல் தகரம் போல் ஒலிக்கும். இதற்கு எளிய மாற்று இருக்கிறது. அழைப்பில் பேசிக்கொண்டே இருவரும் தத்தம் போனிலோ கணினியிலோ தங்கள் குரலைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். தொடக்கத்தில் ஒருவர் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லிக் கை தட்டினால், இரண்டு கோப்புகளையும் பிறகு பொருத்திவிடலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். இரண்டு குரல்களின் அளவையும் சமப்படுத்துவதும் முக்கியம். தொகுப்பாளர் காதை அடைப்பதும் எழுத்தாளர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதும் தமிழ் இணைய நிகழ்ச்சிகளின் தீராத நோய்.

தொகுக்கும்போது கத்தரி எங்கே விழலாம்? இருமல், போன் மணி, திரும்பத் திரும்பச் சொன்னது எல்லாம் போகலாம். எழுத்தாளர் பதிலுக்கு முன் எடுத்துக்கொள்ளும் அந்த மூன்று நொடி மௌனம் போகக் கூடாது. பல தொகுப்பாளர்களுக்கு அந்த மௌனம்தான் பயம். உடனே இன்னொரு கேள்வியைத் திணித்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால், தயாராக வைத்திருந்த பதில் முடிந்து, தயாராக இல்லாத பதில் வெளியே வரும். அதற்காகத்தானே இவ்வளவும்.

எழுத்தாளரை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வது நல்ல வழக்கம். எந்தப் பக்கம் என்பதைத் தொகுப்பாளர் தேர்ந்தெடுத்தால் இன்னும் நல்லது. அவர் படித்திருக்கிறார் என்பதற்கு அது சான்று. எழுத்தாளர் தம் நூலைத் தாமே வாசிப்பதில் சிக்கலில்லை, பதிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மற்றவர் நூலிலிருந்து மதிப்புரைக்காகச் சிறு பகுதியை எடுத்தாள 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அத்தியாயம் முழுவதையும் வாசிக்க அல்ல. சினிமாப் பாட்டு விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வானொலி நிலையங்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் பாடல் உரிமச் சலுகை இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று 2019-இல் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது. 2022-இல் அதன் அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆகவே முகப்பு இசைக்கு இளையராஜாவைத் தொட வேண்டாம். அக்கம்பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் ஒரு பையனிடம் இருபது நொடி இசை கேட்டு வாங்கினால் சொந்தமாகவே இருக்கும்.

சமுதாய வானொலி தொடங்கலாமே என்று ஒரு கேள்வி வரலாம். 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். நாட்டுக்கே முன்னோடி. பாம்பனில் மீனவர்களுக்காக 2016-இல் ‘கடல் ஓசை’ வந்தது. காசிமேட்டுக்கும் அப்படி ஒன்று வந்தால் நல்லதுதான். ஆனால் அந்த உரிமம் தனிநபருக்குக் கிடைக்காது. கல்வி நிறுவனமோ பதிவுபெற்ற தொண்டு அமைப்போ விண்ணப்பிக்க வேண்டும். டிரான்ஸ்மிட்டர் வீச்சும் சுமார் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நான்கு நண்பர்கள் சேர்ந்து புத்தகம் பேச நினைத்தால், இணையமே கதி.

யார் கேட்பார்கள் என்ற கவலை நியாயமானது. தமிழில் பல இலக்கிய நூல்கள் சில நூறு படிகளே அச்சாகின்றன. ஆனால் படிப்பவர் கூட்டமும் கேட்பவர் கூட்டமும் ஒன்றல்ல. ஷிப்ட் முடிந்து எண்ணூரிலிருந்து ரயிலில் வருபவர், வலை சரிசெய்துகொண்டிருப்பவர், துறைமுக வாசலில் லாரி நகரக் காத்திருக்கும் ஓட்டுநர் எல்லாருக்கும் கை வேலையில் இருக்கும் அல்லது கண் களைத்திருக்கும். காது சும்மா இருக்கும். வடசென்னைக்கு இது புதிதும் அல்ல. தெருவுக்குத் தெரு இருந்த படிப்பகங்களில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், எழுத்துத் தெரியாதவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்டு அரசியல் பேசுவார்கள். கேட்டே கற்ற தலைமுறை ஒன்று அங்கே வளர்ந்தது.

வருமானத்தை எதிர்பார்த்து இதில் இறங்குபவர்கள் ஏமாறுவார்கள். தமிழில் புத்தக நிகழ்ச்சிக்கு விளம்பரம் கிடைப்பது அரிது. பதிப்பகங்கள் இலவசப் பிரதி அனுப்பும். சில எழுத்தாளர்கள் தாங்களே அனுப்புவார்கள். அங்கேதான் அடுத்த வலை. இலவசமாக வந்த புத்தகம் எல்லாவற்றையும் புகழ ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் நேயர்களுக்குத் தெரிந்துவிடும். மாதத்துக்கு இரண்டு நிகழ்ச்சி போதும். ஒரு முந்நூறு பக்க நாவலை ஒழுங்காகப் படிக்க ஒரு வாரம், குறிப்பெடுத்துக் கேள்வி தயாரிக்கச் சில நாட்கள், பேசவும் தொகுக்கவும் மீதி. வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்பவரால் அதற்கு மேல் முடியாது; முடியும் என்பவர் படிக்கவில்லை என்று பொருள்.

கடைசியாக, பெட்டகம். டெர்கெலின் ஒலிப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தின் வசம் இருக்கின்றன. பல இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. எழுத்தாளர்களோடு, ஆலைத் தொழிலாளிகளையும் பணியாளர்களையும் அவர் பேசவைத்தார். 1974-இல் வந்த அவருடைய ‘வொர்க்கிங்’ நூல் அப்படிப் பிறந்தது. ஓர் ஆள் ஒரு நகரத்தின் குரலைச் சேர்த்துவைத்தார். மறுபக்கம், பிளாக்டாக்ரேடியோ 2025-இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. அதை நம்பித் தம் பேட்டிகளை வேறெங்கும் சேமிக்காமல் விட்டவர்களுக்கு அந்த உழைப்பு போனது போனதுதான். தமிழோசையின் வானொலி ஒலிபரப்பும் 2017 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. நிறுவனம் எவ்வளவு பெரிதானாலும் குரலைக் காப்பது அதன் வேலை என்று நாம் இருந்துவிட முடியாது. ஈழத்து நூல்களைச் சேர்க்க 2005-இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம், இன்று ஒலிப்பதிவுகளையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. தமிழகத்திலும் அந்தப் பழக்கம் வர வேண்டும்.

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இதைத் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் மைக் வாங்கும் முன் தங்கள் பகுதி எழுத்தாளர் ஒருவரின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கட்டும். இரண்டு முறை படிக்கட்டும். அதற்குப் பிறகு போன் செய்யட்டும். பதிவானதும் சுருக்காத மூலக் கோப்பை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் தேதி, பெயர், நூல் பெயர் எழுதி வைக்கட்டும். ஒரு பிரதியை எழுத்தாளரின் வீட்டில் கொடுத்துவிட்டு வரட்டும்.